வயலினுக்கு ஓர் இஸ்திகாரா

ஷானிகா டீச்சர் திங்கட்கிழமை பின்னேரம் சொன்னதில் சுற்றிவளைப்பு எதுவும் இருக்கவில்லை. அவளுடைய பெரியப்பா மகன் கில்பட் இத்தாலிக்குப் போகிறான். வென்னப்புவையிலிருந்து இத்தாலிக்குப் போகிறவர்கள் வயலினைக் கொண்டுபோவதில்லை. கருவாடும் மிளகாய்த்தூளும்தான் கொண்டுபோவார்கள். ஆகவே அவனுடைய வயலின் சும்மா கிடக்கப் போகிறது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அவள் ஊருக்குப் போகிறாள். ஸுல்பிகா பழகுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது அதை எடுத்து வருவாள். பழகுவதில்லையென்றால் அது சேர்ச்சுக்குப் போகும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க அக்கா. ஓம் எண்டாலும் சரி, இல்ல எண்டாலும் சரி. பாப்பம் எண்டு மட்டும் சொல்ல வேணாம்."

பாப்பம் என்று சொல்லத்தான் ஸுல்பிகா வாயைத் திறந்திருந்தாள். மூடிக்கொண்டாள்.

மாம்புரியில் ஸுல்பிகாவின் வீட்டு முன்னறைக்கு ஷானிகா குடிவந்து எட்டு மாதம். பக்கத்துச் சிங்களப் பாடசாலைக்குச் சங்கீத டீச்சராக வந்தவள். வயது இருபத்தாறு. சிலாபம் பக்கத்துத் தமிழ் பேசுவாள். அஸர் தொழுகை முடிந்து ஊர் அடங்கும் நேரத்தில், நாலரையிலிருந்து ஐந்து வரை, கதவைச் சாத்திக்கொண்டு வயலின் வாசிப்பாள். முதல் மாதம் அந்த நேரத்தில் ஸுல்பிகா குசினியில் இருந்தாள். இரண்டாம் மாதம் வெங்காயம் துப்புரவாக்கும் வேலையை நடு அறைக்குக் கொண்டுவந்தாள். மூன்றாம் மாதம் முன்னறைச் சுவரோரம் பாயைப் போட்டுக்கொண்டு, இங்கேதான் வெளிச்சம் நல்லது என்றாள். அந்தச் சுவரில் ஜன்னல் இல்லை. ஏன் அங்கே இருக்கிறாய் என்று அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

ஏழாம் மாதம் ஒருநாள் ஷானிகா கதவைத் திறந்து, "உள்ள வாங்களன் அக்கா, செவத்துக்கு வாசிக்கிற மாதிரி இரிக்கு" என்றாள். உள்ளே வந்தவளின் கையில் வயலினைக் கொடுத்து, தோளில் வைத்து, வில்லைப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தாள். ஸுல்பிகா ஒருமுறை இழுத்தாள். மீன் ஐஸ் பெட்டியின் துருப்பிடித்த மூடியைத் திறந்தால் வரும் சத்தம் வந்தது.

"பிழை," என்றாள் ஷானிகா, சிரிக்காமல், கோபிக்காமல். "இன்னொருக்கா."

இன்னொருமுறை இழுத்தாள். அதுவும் பிழை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கறி வைக்கும்போதும் அந்தச் சொல் ஸுல்பிகாவின் காதிலேயே இருந்தது. அவளுக்கு வயது நாற்பத்துநாலு. இருபது வயதில் கலியாணம் முடித்த மறுநாள் காலை மாமியார் அவளிடம் உயிரோடு ஏழு நண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கே எல்லாம் தெரிந்தவளாக அவள் ஆகிவிட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, கருவாட்டில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது, சாவு விழுந்த மைய்யித்து வீட்டுக்கு எத்தனை கொத்து அரிசி போடுவது, எல்லாவற்றையும் ஆட்கள் அவளிடம்தான் கேட்டார்கள். தெரியாது என்று அவள் சொன்னதே இல்லை. சொன்னால் யாராவது ஒருவர் பசியோடு இருக்க வேண்டி வரும். வயலினை அவள் பிழையாக இழுத்தபோது யாரும் பசியோடு இருக்கவில்லை. அவள் வயலின் வாசிக்க ஆசைப்பட்டாள் என்பதைவிட, ஒன்றைப் பிழையாகச் செய்துகொண்டே கொஞ்சக் காலம் இருக்க ஆசைப்பட்டாள் என்று சொன்னால்தான் சரி.

ஆனால் இதை வெளியில் ஒருவரிடம் சொல்ல முடியுமா என்ன. பள்ளிவாசல் மௌலவியிடம், இது மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்று கேட்கலாம்தான். கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார். அதனால் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷானிகா அளவு எடுத்தாள். வயலினில் முழு அளவு, முக்கால் அளவு என்று இருக்கிறதாம். கை கட்டையானவர்களுக்கு முழு அளவு சரிவராதாம். ஸுல்பிகாவை முன்வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, இடது கையை நீட்டச் சொல்லி, தையல் டேப்பைக் கழுத்தில் வைத்து உள்ளங்கை நடு வரைக்கும் இழுத்துப் பிடித்தாள்.

"இருவத்துமூணரை. முழு அளவு காணும்."

கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் பரீனா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பரீனா உசனாரின் தங்கை. உசனார் ஸுல்பிகாவின் கணவர். பிழிந்த துணி கையில் இருக்க, பரீனா அப்படியே நின்று இந்த அளவெடுப்பை முழுதாகப் பார்த்தாள். வழமையாக அவள் வேலிக்கு மேலால் எட்டி "என்ன மதினி?" என்று கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை. பரீனா கேட்காத கேள்விக்கு அவளே ஒரு பதில் வைத்திருப்பாள் என்பது ஸுல்பிகாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளோ இருபத்துமூன்றரை என்ற எண்ணில் மயங்கிப்போய் நின்றாள். முழு அளவு என்று அவளை இதுவரை யாரும் சொன்னதில்லை.

பின்னேரம் தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு கடற்கரைக் கருவாட்டு வாடிக்குப் போனாள். உசனார் வலைமேல் காய்ந்த கட்டா மீன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வயலின் பழகட்டா?"

உசனார் ஒரு கட்டாவைத் திருப்பினார்.

"அந்தப் புள்ளைட வயலினையா?"

"வேற ஒண்டு. ஊர்ல இரிந்து கொண்டு வருவாவாம்."

"பழகிப் பொறகு?"

"பொறகு ஒண்டுமில்ல."

"கலியாண ஊட்டுல வாசிக்கப் போறியா?"

"அல்லாவே, இல்ல."

"அப்ப என்னத்துக்கு?"

"சும்மா."

உசனார் சும்மா என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் யோசித்தார். இன்னும் மூன்று மீன் திருப்பினார். அவர் எதையும் வேண்டாம் என்று சொல்கிற மனிதர் அல்ல. சரி என்று சொல்கிற மனிதரும் அல்ல.

"இஸ்திகாரா தொழுது பாரன்," என்றார்.

படகுக்குப் புது இஞ்சின் வாங்கும்போதும் இதையேதான் சொன்னார். மகன் ஸப்ராஸ் கட்டாருக்குப் போவதா என்று நின்றபோதும், குசினிக்கு ஓடு போடுவதா தகரம் போடுவதா என்று நின்றபோதும் இதையேதான். ஒரு காரியத்தைச் செய்வதா விடுவதா என்று மனம் தடுமாறும்போது இரண்டு ரக்அத் தொழுது, இது நல்லதானால் இலேசாக்கித் தா, கெட்டதானால் தூரமாக்கிவிடு என்று படைத்தவனிடம் கேட்பதுதான் இஸ்திகாரா. கனவு வரவேண்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை என்று மௌலவி பல தடவை பயான் பண்ணியிருக்கிறார். மாம்புரியில் கனவுதான். வெள்ளையும் பச்சையும் கண்டால் செய்யலாம். சிவப்பும் கறுப்பும் கண்டால் விட்டுவிட வேண்டும். உசனார் வீட்டில் இதுவரை எல்லா இஸ்திகாராவையும் தொழுதது ஸுல்பிகாதான். அவளுக்காக ஒன்று தொழுவது இதுவே முதல் தடவை.

புதன்கிழமை லுஹருக்குப் பிறகு தொழுதாள். ராத்திரியில் தலையணையில் தலை பட்டதும் கனவு காணக்கூட நேரமில்லாமல் தூங்கிவிடுவது அவளுடைய வழக்கம் என்பதால் பகலைத் தேர்ந்தெடுத்தாள். துஆவில் காரியத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. முசல்லா விரிப்பில் இருந்துகொண்டு வயலின் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "ஷானிகா டீச்சர் சொன்ன விசயம்" என்றாள். படைத்தவனுக்குத் தெரியாத விசயமா.

படுத்தாள். கனவு வந்தது. பிரதேச செயலகக் கந்தோரில் வரிசையில் நிற்கிறாள். முன்னால் பதினைந்து பேர். அவளுடைய முறை வந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மனுசி படிவத்தைத் திருப்பிப் பார்த்து, இது வேறு படிவம், நாளைக்கு வாங்க என்கிறாள். அவ்வளவுதான். எழும்பி உட்கார்ந்து, சுவர் என்ன நிறம் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. கந்தோர் நிறம்.

அன்று பின்னேரம் பரீனா ஒரு கோப்பையில் சவ்வரிசிக் கஞ்சியோடு வந்தாள். அதற்கு முன்னால் வாடிக்குப் போய்க் கருவாடு வாங்கியிருக்கிறாள். அங்கே உசனார், உன் மதினி இஸ்திகாரா தொழுகிறாள் என்று சொல்லியிருக்கிறார். எதற்கு என்று பரீனா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் எல்லாரும் இப்படித்தான்.

"மதினி, தொழுதீங்களாம். என்ன கண்ட?"

"கந்தோர்."

"கந்தோரா? அதெல்லாம் கனவில்ல மதினி. அது சோத்துட வேல." பரீனா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் ஒங்களுக்காகத் தொழுறன்."

கனவு விசயத்தில் பரீனாவுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. பதினொரு கலியாணங்களுக்குக் கனவு கண்டு சொல்லியிருக்கிறாள். ஒன்றுதான் குழம்பியது, அதுவும் அவள் சிவப்புக் கண்டேன் என்று சொல்லியும் கேட்காமல் முடித்ததால்தான். ஆலங்குடாவிலிருந்தும் ஆட்கள் அவளைத் தேடி வருவதுண்டு.

"இல்ல பரீனா, இது சின்ன விசயம்," என்றாள் ஸுல்பிகா.

"சின்ன விசயமா? மதினி, நான் கண்ணில்லாதவளா? கையில அளவெடுக்கிறத நான் பாக்கல்லயா? சொல்லவே வேணாம். வாயால சொன்னா கண்ணூறு. மனசுல இரிக்கிறத அல்லாஹ்வுக்குத் தெரியும். மதினிட மனசுல உள்ள விசயத்துக்கு எண்டே நான் கேக்குறன்."

பரீனாவுக்கு வயலின் விசயம் தெரிந்துவிட்டது போல என்று ஸுல்பிகா நினைத்தாள். தெரிந்தும் கஞ்சி கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. கண் கலங்கியதைப் பார்த்துப் பரீனாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குள் பரீனா வேலியைச் சுற்றி வராமல், வேலிப் பொட்டில் கிடுகை விலக்கிக்கொண்டே வந்துவிட்டாள்.

"பச்சை மதினி. பச்சையெண்டா அப்புடிப் பச்சை. வெங்காயத் தோட்டம், கண்ணுக்கு எட்டின மட்டும். தண்ணி பூவாட்டம் அடிக்கிது. நீங்க நடுவுல குடையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

"நான் என்ன செய்றன்?"

"ஒண்டும் செய்யல்ல. நிக்கிறீங்க. சந்தோசமா நிக்கிறீங்க."

ஸுல்பிகாவுக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு, பரீனா அவ்வளவு சந்தோசப்பட வேண்டிய காரணம் என்ன என்று ஒரு சின்ன யோசனை வந்தது. அந்த யோசனை முடிவதற்குள் போன் அடித்தது. மகள் மர்ஷூதாவின் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. மர்ஷூதா புத்தளத்தில் சாச்சி வீட்டில் தங்கிக் கணினி வகுப்புக்குப் போகிறவள். ஸுல்பிகா அதை அழுத்தினாள். அது பரீனாவுக்கும் சேர்த்துக் கேட்டது.

"உம்மா, எனக்கும் இன்சாப் நானாவுக்கும் கலியாணமாம். சாச்சிக்கு இன்சாப் நானாட உம்மா எடுத்துச் சொன்னாவாம். பச்சையாம். நான் ஒண்டும் சொல்லல்ல, நல்லவருதான். ஆனா உம்மா, அவரு டொல்பினைப் பத்தி மட்டும்தான் கதைப்பாரு. எனக்கும் கொஞ்சம் சொல்லிட்டுச் செய்ங்க."

இன்சாப் பரீனாவின் கணவருடைய அக்காள் மகன். கற்பிட்டியில் உல்லாசப் பயணிகளைப் படகில் ஏற்றிப்போய் டொல்பின் காட்டுகிற வேலை. பரீனாவுக்கு நெடுநாளாக இந்தச் சம்பந்தத்தில் ஒரு கண். கையை நீட்டி அளவெடுத்தார்கள், இஸ்திகாரா தொழுகிறார்கள், வாயைத் திறக்கிறார்கள் இல்லை. பெண்ணின் உம்மாவுக்குக் கலியாணச் சட்டை தைக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும். காலை ஏழு மணிக்கே அவள் இன்சாபின் உம்மாவுக்குப் போன் எடுத்துவிட்டாள்.

"நீங்க சொல்ல முந்தி நான் சொன்னது பிழைதான்," என்றாள் பரீனா. "ஆனா பச்சையக் கண்டுட்டு எப்புடி மதினி வாயப் பொத்திக்கிட்டு இரிக்கிற?"

ஸுல்பிகா போனைக் கீழே வைத்தாள். இன்னும் அரை மணி நேரம் பேசாமல் இருந்தால் இன்சாபின் வீட்டார் பழத்தோடும் பலகாரத்தோடும் புறப்பட்டுவிடுவார்கள். இதை நிறுத்த ஒரே வழி அந்தச் சொல்லை வாயால் சொல்வது. புருசனிடம் சொல்லியிருக்கிறாள், ஆனால் அவர் மீனைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இப்படி முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவரிடம் சொன்னதில்லை. முசல்லாவில்கூடச் சொல்லாத சொல்.

"அது மர்ஷூதாட விசயமில்ல," என்றாள்.

"பொறகு?"

"வயலின்."

"என்ன வயலின்?"

"நான். நான் பழகுறதுக்கு."

பரீனா முன்னறைக் கதவைப் பார்த்தாள். ஸுல்பிகாவின் இடது கையைப் பார்த்தாள். பிறகு கதிரையில் உட்கார்ந்தாள்.

"மதினி. அது ஹராமில்லியா?"

"தெரியா."

"தெரியாமத்தான் இஸ்திகாரா தொழுதீங்களா? ஹராமான காரியத்துக்கு இஸ்திகாரா கேக்க ஏலா. செய்யலாம் எண்டு உள்ள விசயத்துக்குத்தான் செய்யட்டா விடட்டா எண்டு கேக்குற. இது சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"அப்ப நீங்க தொழுதது?"

"நான் மர்ஷூதாட கலியாணத்துக்கு..."

பரீனா நிறுத்தினாள். மதினியின் மனதில் உள்ள விசயத்துக்கு என்று பெயர் குறிக்காமல் கேட்டது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தில் வெயில் மாறுவது போல ஏதோ மாறியது. மதினியின் மனதில் இருந்தது வயலின். வயலினுக்குத்தான் பச்சை காட்டப்பட்டிருக்கிறது. அது ஆகாது என்றால் கனவு பிழை. கனவு பிழை என்றால் பதினொரு கலியாணம், அதில் பிறந்த பிள்ளைகள் எத்தனை என்று அவளுக்கே கணக்கில்லை.

"ஒரு பிளேன்டீ தாங்க," என்றாள்.

குடித்து முடித்துவிட்டு இன்சாபின் உம்மாவுக்குப் போன் எடுத்தாள். ஸுல்பிகாவுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

"ஓம் மச்சி, பச்சைதான்... இல்ல, கனவு சரி. ஆனா அது வேற விசயத்துக்காம்... தெரியா மச்சி... இல்ல, பொண்ணுக்கு ஒண்டுமில்ல, படிக்கிறா... வேற விசயமெண்டா வேற விசயம்தான், சொல்ல ஏலா... ஓம், குடை இரிந்திச்சி. குடை எனக்கென்ன தெரியும்... சரி, அந்தப் பழத்த நீங்களே சாப்புடுங்க."

வைத்துவிட்டு எழும்பினாள்.

"நான் ஒண்டும் சொல்லல்ல மதினி. கூடும் எண்டும் சொல்லல்ல, கூடா எண்டும் சொல்லல்ல. கண்டது பச்சை. மத்தது ஒங்கட பாடு. ஆனா என்ட பேரு இதுல எங்கயும் வரக் கூடா."

"வராது."

"ஒருக்கா இன்னும் தொழுது பாக்கட்டா?"

"வேணாம் பரீனா."

"வேணாம்தான்," என்றாள் பரீனா உடனே. அன்று அவள் வழமையான மதியத் தூக்கம்கூடத் தூங்கவில்லை என்று பிறகு தெரியவந்தது. கண் அயர்ந்தால் இன்னொன்று வந்துவிடுமோ என்று பயந்து, அலுமாரிச் சாமான்களை இறக்கிவைத்துத் துடைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த உசனார் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன வந்திச்சி?"

"பரீனாவுக்குப் பச்சை. எனக்குக் கந்தோர்."

"கந்தோர் எண்டா அலைச்சல்." ஒரு கவளம் சாப்பிட்டார். "எவ்வளவு காலத்துக்கு நல்லா இரிக்காது?"

"ஆறு மாசமாம். கூடவும் ஆகலாம்."

"எத்தின மணிக்கு?"

"அஸருக்குப் பொறகு."

உசனார் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். "ஆறு மாசம் நான் அந்த நேரத்துக்கு வாடியில இரிக்கிறன். எப்புடியும் கட்டா சீசன்தானே."

அவ்வளவுதான். ஸுல்பிகா தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். போய் அங்கேயே நின்றாள்.

நாலு நாளாக அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இதுவல்ல என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. புருசன் மறித்திருந்தால் சரி. பரீனா ஊரைக் கூட்டிப் பேசியிருந்தாலும் சரி. கனவில் ஒரு கறுப்பு ஆட்டைக் கண்டிருந்தாலும் போதும். அந்த வயலின் சேர்ச்சுக்குப் போயிருக்கும். அவள் மீதிக் காலம் முழுக்க, நான் பழகியிருப்பேன், விட்டார்களா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வெங்காயம் துப்புரவாக்கியிருக்கலாம். அது வசதியான ஒரு வாழ்க்கை. இப்போது யாரும் மறிக்கவில்லை. இனிப் பழகாமல் விட்டால் விட்டது அவள்தான்.

பானை கழுவினாள். கழுவியிருந்த பானையையும் ஒருமுறை கழுவினாள். அடுப்பைத் துடைத்தாள். இல்லை என்று சொல்வதற்கு என்னென்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். வயது இருக்கிறது. மகளுக்குக் கலியாண வயது வருகிறது, அதற்குள் பெண்ணின் உம்மா வயலின் பிடிக்கிறாள் என்று பேச்சு வரும். விரல் தடித்துப்போயிருக்கிறது. ஒவ்வொன்றையும் ஷானிகாவிடம் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் உண்மையாகத்தான் இருந்தன. ஒன்றும் காரணம் போல இல்லை.

நாலரைக்கு முன்னறைக் கதவைத் தட்டினாள். ஷானிகா கட்டிலில் பையை வைத்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க அக்கா."

"ஒண்டு கேக்கணும்," என்றாள் ஸுல்பிகா. "நான் நல்லா வாசிப்பனா?"

ஷானிகா மடித்த சட்டையைப் பைக்குள் வைத்தாள். பொய் சொல்லலாமா என்று அவள் யோசிப்பது தெரிந்தது. அவள் டீச்சர் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

"நல்லா வாசிக்க மாட்டீங்க அக்கா. நாப்பத்துநாலு வயசில வெரல் சுணங்கித்தான் ஓடும். மேடை அது இது எல்லாம் வராது. வேற ஆக்கள் கேக்க ஆசப்படுற மாதிரியும் வராது."

"ஒரு வருசம் பழகினா?"

"ஒரு பாட்டு வாசிக்கலாம். மெதுவா. நடுவில ரெண்டு மூணு எடம் பிழைக்கும்."

"அதுக்குப் பொறகு?"

"ரெண்டாவது வருசம் அதே பாட்டு, கொஞ்சம் கெதியா."

ஸுல்பிகா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாராவது இப்படிச் சொன்னால் மனம் விட்டுப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்கு என்னவோ நாலு நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கினது போல இருந்தது. நல்லா வருவீங்க என்று இந்தப் பிள்ளை சொல்லியிருந்தால் அதுவும் நாளைக்கு ஒரு வேலையாகிப் போயிருக்கும். நல்லா வரவேண்டும், வந்து காட்டவேண்டும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் ஊற்றவேண்டும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு வருசத்துக்கு ஒரு பாட்டு. அதிலும் ரெண்டு மூன்று இடம் பிழை. பிழை அவளுடையது, அதைத் திருத்துவதற்கு அவளை விட்டால் ஆளில்லை, திருத்தாமல் விட்டாலும் யாருக்கும் நட்டமில்லை.

"கொண்டு வாங்க," என்றாள்.

"சரியா யோசிச்சீங்களா?"

"இல்ல. யோசிச்சா பாப்பம் எண்டுதான் வருது."

ஷானிகா முதல் தடவையாகச் சிரித்தாள். போனை எடுத்துக் கில்பட்டுக்கு எழுதத் தொடங்கியவள், பாதியில் நிமிர்ந்தாள்.

"அக்கா, ஒரு விசயம். கில்பட் அண்ணாக்கிட்ட இப்ப ரெண்டு இரிக்காம். ரெண்டும் முழு அளவுதான். ஒண்டு பழசு. சத்தம் அடங்கித்தான் வரும், இந்த அறைக்கு வெளிய பெரிசாக் கேக்காது. பழகுறவங்களுக்கு அது நல்லம், வெக்கமில்ல. மத்தது புதுசு, சத்தம் கூட. ரோட்டுக்கும் கேக்கும். எத எடுத்து வர?"

ஸுல்பிகா யோசித்தாள். இந்த வீட்டில் பானை மூடியைக்கூட அவள் சத்தம் வராமல்தான் வைப்பாள். குழந்தை தூங்குகிறது, மாமியாருக்குத் தலைவலி, வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இப்படி ஏதோ ஒன்று இருபத்துநாலு வருசமாக இருந்துகொண்டே வந்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பரீனா இருக்கிறாள். ரோட்டில் கடற்கரைக்குப் போய் வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். வாடியில் உசனார் இருப்பார்; காற்று வாகாக அடித்தால் அங்கேயும் கேட்கும்.

"சத்தம் கூடினத எடுங்க," என்றாள்.

ஷானிகா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்படியே எழுதினாள்.